நரையை மறைக்காமல் கலப்பது: குட்டை முடியில் கையால் தீட்டிய ஹைலைட்ஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

எங்கள் சலூனுக்கு ஜனவரிக் கடைசியில் வந்த ஓர் ஆசிரியையைப் பற்றியது இது. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

வயது 47. இடுப்புவரை இறங்கும் அடர்த்தியான, அலை அலையான கூந்தல். கையில் ஒரு படம் வைத்திருந்தார். காது தெரிய வெட்டிய குட்டை முடி, நெற்றிப் பக்கம் தேன் நிறத்தில் மெல்லிய கீற்றுகள். "இதேபோல் வேண்டும், இன்றைக்கே முடியுமா?" என்று கேட்டார். படத்தில் இருந்தவரின் முடி மெல்லியது, நேரானது, பிறப்பிலேயே வெளிர்நிறம் கொண்டது. அதைவிட முக்கியமானது அவர் அடுத்துச் சொன்னது: "இனிமேல் டை அடிக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் காதுக்குப் பின்னால் அரிக்கிறது."

ஆக, அவருடைய தேவை நாகரிகம் மட்டும் அல்ல. நரையைக் கறுப்பாக்கும் வேலையிலிருந்தே வெளியே வர நினைத்தார். கறுப்பு முடிக்கு நடுவே சில இழைகளை வெளிர்நிறமாக்கினால் நரை தனித்துத் தெரியாமல் அவற்றோடு கலந்துவிடும். நல்ல யோசனைதான். ஆனால் அன்றைக்கே செய்யக்கூடியதாக அது இல்லை.

முடி சொன்ன வரலாறு

கடந்த ஆறு ஆண்டுகளாக என்ன பூசினீர்கள் என்று கேட்டதற்கு "மருதாணியும் அவுரியும்தான், எல்லாம் இயற்கை" என்றார். இந்தப் பதிலோடு நிற்காமல் பாக்கெட்டையும் கொண்டுவரச் சொன்னோம். மறுநாள் கொண்டுவந்தார். வீட்டில் அரைத்த மருதாணியும் அவுரிப் பொடியும் உண்மை. அவசரத்துக்கு இடையிடையே பூசியது மட்டும் கடையில் விற்கும் 'கறுப்பு மருதாணி' பாக்கெட். அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பாராபினிலீன்டையமீன் என்றும் பேரியம் பெராக்சைடு என்றும் இருந்தது. மருதாணி இலையின் சாயம் லாசோன். அது தரும் நிறம் செம்பழுப்பு மட்டுமே. அரை மணியில் கன்னங்கரேலென்று ஆக்கும் பொடியில் வேறு ஏதோ வேலை செய்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். இங்கே வேலை செய்தது பாராபினிலீன்டையமீன். முடிச்சாயங்களால் வரும் ஒவ்வாமைக்கு மிக அதிகமாகக் காரணமாகும் பொருள்களில் ஒன்று அது.

கூந்தலை ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தோம். வேரிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. இயற்கை முடி, அதில் வெள்ளையும் கறுப்பும் கலந்திருந்தன. அதற்குக் கீழே நீலம் பாய்ந்த கறுப்பு. நுனிக்குப் போகப் போக வெயிலில் செம்பு நிறம் மின்னியது. நரை தலை முழுவதும் ஒரே அளவில் இல்லை. நெற்றிப்பொட்டுகளில் பாதிக்கு மேல், உச்சியில் சிதறலாக, பிடரியில் ஏறக்குறைய இல்லவே இல்லை. காதுகளுக்குப் பின்னால் தோல் சிவந்து, செதில் விட்டிருந்தது.

குட்டையாக வெட்டும்போது மட்டுமே முக்கியமாகும் ஒன்றையும் குறித்துக்கொண்டோம். உச்சியில் இரட்டைச் சுழி. ஊரில் அதற்குச் சொல்லும் பலன்கள் எப்படியோ, வெட்டுகிறவருக்கு அது பெரிய விஷயம். நீள முடியின் எடை சுழியை அமுக்கி வைத்திருக்கும். எடை போனதும் இரண்டு சுழிகளும் முடியை எதிரெதிர்ப் பக்கம் தள்ளும்; நடுவில் குத்திட்டு நிற்கும். பிடரியிலும் இடப்பக்க முடி மேல்நோக்கி வளர்ந்திருந்தது.

சோதனை

பிடரிக்கு உள்பக்கமாக, வெளியே தெரியாத இடத்தில் சிறு கற்றையை வெட்டி இரண்டாகப் பிரித்தோம்.

முதல் பாதி, சில சாயப் பொடிகளில் கலந்திருக்கும், பிளீச்சோடு சேர்ந்தால் முடியைக் கெடுக்கும் உலோக உப்பு இருக்கிறதா என்று பார்க்க. 30 மி.லி. 20 வால்யூம் (6 சதவீத) ஹைட்ரஜன் பெராக்சைடில் 20 சொட்டு அம்மோனியா விட்டு, முடியை அரை மணி நேரம் ஊறவைத்தோம். உலோக உப்பு இருந்தால் சூடேறும், நாற்றம் வரும், அல்லது முடி இற்றுப்போகும். எதுவும் நடக்கவில்லை. அந்த ஆபத்து நீங்கியது.

இரண்டாவது பாதியில் பிளீச் தடவினோம். வேர்ப் பக்கத்து இயற்கை முடி ஒழுங்காக ஆரஞ்சு வரை வெளுத்தது. அவுரி ஏறிய பகுதி சேறு கலந்த பச்சையாக மாறியது. பிளீச் மெலனினைத்தான் முதலில் கரைக்கும். அவுரியின் நீலம் எளிதில் போகாது. வெளுத்த முடியின் மஞ்சளும் போகாத நீலமும் சேர்ந்தால் பச்சை. அதை இன்னும் வெளுக்க முயன்றால் நிறம் போகும் முன்னே முடி போகும்.

முதல் முடிவு: காத்திருப்பது

மூன்று வழிகள் இருந்தன. பழைய சாயத்தின் மேலேயே பிளீச் போட்டுப் பச்சையை வேறு நிறத்தால் அடக்குவது. அதைச் சோதனையே தள்ளிவிட்டது. இயற்கை முடி இருக்கும் ஒன்றரை செ.மீ. வரை எல்லாவற்றையும் அன்றே வெட்டிவிடுவது; ஏறக்குறைய மொட்டைக்குச் சமம், அவருக்கு அதில் விருப்பமில்லை. மூன்றாவது, சாயத்தை அடியோடு நிறுத்தி, இயற்கை முடி வளரும் வரை பொறுப்பது.

தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1.25 செ.மீ. வளர்கிறது. ஆறு மாதத்தில் ஏழரை செ.மீ., ஏற்கெனவே இருந்ததோடு 9 செ.மீ. அவர் கேட்ட கிராப்பில் உச்சி முடியின் நீளமே அவ்வளவுதான். நீளக் கூந்தல் உள்ளவரின் நுனியில் ஐந்தாறு ஆண்டுக்கு முந்திய சாயமும் இருக்கும். குட்டை முடியில் அரை ஆண்டு வரலாறு மட்டுமே மிச்சம். பழைய சாயத்தைக் கழற்ற எந்த ரசாயனத்தையும் விடக் கத்தரிக்கோல் பத்திரமானது என்பது என் உறுதியான கருத்து. குட்டை முடிக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த வசதி கையிலேயே இருக்கிறது. நாம் எடுத்துச் சொல்வதில்லை.

அவரைத் தோல் மருத்துவரிடம் அனுப்பினோம். முதுகில் ஒட்டிச் செய்யும் பேட்ச் சோதனையில் பாராபினிலீன்டையமீனுக்கு ஒவ்வாமை உறுதியானது. இனி வாழ்நாள் முழுவதும் அதைத் தவிர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். நிரந்தரச் சாயங்களிலும், வெளுத்த முடியின் நிறத்தைத் திருத்தப் பூசும் பல டோனர்களிலும் அதற்குப் பதிலாகச் சேர்க்கப்படும் டொலுவீன்டையமீனும் அதே ஒவ்வாமையைக் கிளப்பக்கூடும். எனவே டெவலப்பரில், அதாவது பெராக்சைடு கரைசலில், கலக்கும் டோனர் எதுவும் இவருக்குக் கிடையாது என்று அன்றே அட்டையில் எழுதிவைத்தோம்.

இடைக்காலம்

பிப்ரவரியில் தாடை அளவுக்கு பாப் கட் செய்தோம். நரை வரவர, வெள்ளை வேருக்கும் நீலக்கறுப்புக்கும் நடுவே கோடு கிழித்ததுபோல் தெரியும். அதை மழுக்க நேர் வகிட்டை விட்டு வளைந்து வளைந்து போகும் வகிடு எடுக்கக் கற்றுக்கொடுத்தோம். நெற்றிக் கற்றையையும் சற்றுக் குட்டையாக்கினோம்.

கடினமான காலம் ஏப்ரலும் மேயும். பள்ளியில் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். வைகாசியில் நெருங்கிய உறவில் ஒரு திருமணம். அதற்கு முந்திய வாரம் அவர் தொலைபேசியில், "ஒரு நாளைக்கு மட்டும் அந்தப் பாக்கெட்டைப் பூசிக்கொள்ளட்டுமா அம்மா?" என்று கேட்டார். ஒவ்வாமை உறுதியான பிறகு ஒரு தடவை பூசுவதும் ஆபத்துதான். முகம் வீங்கி மருத்துவமனைக்குப் போகும் அளவுக்கு ஆகலாம். "டீச்சர், பூச வேண்டாம், காலையில் நேரே இங்கே வாருங்கள்" என்றோம். வந்தார். பாப் முடியைப் பின்பக்கம் வாரிச் சுருட்டி, சவுரி சேர்த்துக் கொண்டையிட்டு மல்லிகை வைத்தோம். வகிட்டின் வெண்மைக்கு இரும்பு ஆக்சைடு நிறமி கொண்ட வேர்ப் பொடியைத் தூவினோம். கழுவினால் போய்விடும், பாராபினிலீன்டையமீன் அதில் இல்லை. அதையும் முன்பே முழங்கை மடிப்பில் தடவிச் சோதித்திருந்தோம்.

இத்தகைய ஆறு மாதத்தை வாடிக்கையாளர் தனியாகக் கடக்க முடியாது. கூட நிற்பதும் நம் வேலையில் ஒரு பகுதி.

வெட்டு

ஆகஸ்ட் முதல் வாரம் வெட்டினோம். காதுக்குப் பின்னால் தோல் முழுவதும் ஆறியிருந்தது.

பிடரியையும் பக்கங்களையும் ஈரத்தில் வெட்டினோம். உச்சியை உலர்ந்த பிறகு. அலை முடி உலரும்போது மேலே சுருங்கும். ஈரத்தில் அளந்து 8 செ.மீ. விட்டால் உலர்ந்ததும் ஆறரையாகத் தெரியும். ரேசர் பயன்படுத்தவில்லை. இவருடைய முடி தடிமனானது. ரேசர் சீவினால் நுனி பிளந்து, சென்னையின் ஈரக்காற்றில் பஞ்சாக எழும்பும்.

பிடரியில் சீப்பின் மேல் கத்தரிக்கோலை ஓட்டி 2 செ.மீ. வரை இறக்கினோம். மெஷினால் கோடு போடவில்லை, ஏனென்றால் மேல்நோக்கி வளரும் இடப்பக்க முடி இரண்டே வாரத்தில் அந்தக் கோட்டைக் கலைத்துவிடும். பக்கங்களில் 4 செ.மீ. இரட்டைச் சுழி இருக்கும் இடத்தில் மட்டும், சுற்றியுள்ளதை விட ஒரு செ.மீ. கூடுதலாக நீளம் விட்டோம், சொந்த எடையில் படிந்து கிடக்கட்டும் என்று. நெற்றிப்பொட்டில் நரை அதிகமுள்ள மெல்லிய முடியைக் காதுக்கு முன்னால் இறங்கும்படி விட்டோம்.

பிறகு தலையை நனைத்து, வாசலருகே வெயிலில் நிறுத்திப் பார்த்தோம். உச்சியில் சில நுனிகளில் நீலம் எஞ்சியிருந்தது. அதையும் எடுத்ததும் உச்சி முடி 8 செ.மீ.யில் நின்றது. தலையில் இப்போது அவர் பிறப்பில் பெற்ற நிறமும் நரையும் தவிர வேறொன்றும் இல்லை.

இரண்டாவது முடிவு: அன்றே தீட்டாமல் அனுப்பியது

பெரும்பாலான சலூன்களில் வெட்டும் நிறமும் ஒரே அமர்வில் முடிந்துவிடும். நீள முடிக்கு அது பொருந்தலாம். குட்டை முடியில் நிறம் எங்கே தெரியும் என்பதை முடி விழும் திசைதான் தீர்மானிக்கிறது. அந்தத் திசையைத் தீர்மானிப்பவர் தினமும் வீட்டில் தலை வாருகிறவர். சலூனில் நாம் உலர்த்தி நிறுத்திய வடிவத்தைப் பார்த்துத் தீட்டினால், மறுநாள் காலை அவர் வாரும்போது பளிச்சென்ற கீற்று உள்ளே போய்விடும். பின்னாலிருந்த திட்டு முன்னால் வந்து நிற்கும்.

ஒரு வாரம் அவரே குளித்து, உலர்த்தி, வாரிக்கொள்ளட்டும் என்றோம். அதற்குள், பயன்படுத்தப்போகும் நேரடி நிறத்தை (டெவலப்பர் கலக்காமல் அப்படியே பூசும் சாயம்) அவருடைய காதுக்குப் பின்னால் தடவி, 48 மணி நேரம் கவனிக்கவும் வழி கிடைத்தது. எதிர்வினை ஏதும் இல்லை.

திரும்பி வந்தபோது தலையில் கை வைக்காமல் முதலில் பார்த்தோம். நாங்கள் இடப்பக்கம் விழும்படி வெட்டிய நெற்றிக் கற்றையை அவர் விரலால் வலப்பக்கம் தள்ளிவிட்டிருந்தார். காரணம் கேட்டோம். கரும்பலகையில் எழுதும்போது இடக்கையால் முடியை ஒதுக்குவது பழக்கமாம். தீட்ட நினைத்த இடங்களில் பாதியை மாற்றினோம்.

தீட்டுதல்

இந்த முறையை ஏன் எடுத்தோம் என்று சொல்ல வேண்டும். தொப்பி போட்டு ஊசியால் முடியை இழுத்தெடுக்கும் பழைய முறையில் நரை எது, கறுப்பு எது என்று பார்த்து எடுக்க வழியில்லை. பிளீச்சும் வேர்வரை போகும். கற்றையைச் சுற்றி மடிக்கும் ஃபாயில் தாள் நான்கு செ.மீ. முடியில் நிற்காமல் வழுக்கும். உள்ளே சூட்டை அடக்கி, எதிர்பார்த்ததற்கு மேல் வெளுக்கும். கையால் தீட்டும்போது ஒவ்வொரு இழையையும் பார்த்து முடிவெடுக்கலாம். பிளீச் தோலில் படாமலும் காக்கலாம். இவருக்கு அந்த இரண்டாவது காரணம் முதன்மையானது. பிளீச் பொடியிலுள்ள பெர்சல்பேட் சிலருக்கு மூச்சிரைப்பைத் தூண்டும் என்பதால் ஆஸ்துமா உண்டா என்றும் கேட்டுக்கொண்டோம். இல்லை.

அவர் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். முடியில் படிந்த உப்பையும் இரும்பையும் எடுக்க அதற்கென உள்ள ஷாம்பூவால் முதலில் அலசி, முழுமையாக உலர்த்தினோம்.

களிமண் கலந்த பிளீச் பொடியை 20 வால்யூம் டெவலப்பரில், அதாவது 6 சதவீதப் பெராக்சைடில், இட்லி மாவை விடக் கெட்டியாகக் கரைத்தோம். தடித்த கறுப்பு முடிக்கு 30 வால்யூம் எடுப்பதுதான் பலரின் வழக்கம். நீள முடியின் நடுப்பகுதிக்கு அது சரி. குட்டை முடி முழுவதுமே தலைச்சூட்டின் எல்லைக்குள் இருக்கிறது. அந்தச் சூடு பிளீச்சை விரைவுபடுத்தும். மெதுவாக வெளுத்தால்தான் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த முடியும்.

பிளீச் உலர்ந்தால் வேலை நின்றுவிடும் என்பதால் மின்விசிறியை அணைத்தோம். உச்சியின் பின்பக்கத்திலிருந்து தொடங்கினோம். அங்கே முடி தடிமன், நேரம் கூடுதலாகப் பிடிக்கும். சீப்பைக் கற்றைக்கு அடியில் பலகைபோல் பிடித்து, வேரிலிருந்து இரண்டரை செ.மீ. தள்ளி, பிரஷின் விளிம்பால் மேற்பரப்பை மட்டும் தொட்டோம். தொடக்கத்தில் பிரஷில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நுனிக்குப் போகும்போதுதான் அழுத்தம். எங்கே ஆரம்பித்தது என்று கண்ணுக்குத் தெரியாமல் இருக்க அந்த முதல் ஒரு செ.மீ.தான் காரணம். அதைப் பழக எனக்குத் தெரிந்த எவருக்கும் குறுக்குவழி கிடைத்ததில்லை. ஒவ்வொரு கற்றைக்கும் நடுவே பஞ்சுப் பட்டை வைத்தோம்.

நரை இழைகளைத் தொடவே இல்லை. அவற்றுக்குப் பக்கத்திலிருந்த கறுப்பு இழைகளைத்தான் தேர்ந்தெடுத்தோம். நெற்றிப்பொட்டில் மிகக் குறைவு, பிடரியில் ஒன்றுமில்லை. நெற்றிக் கற்றை கடைசியில்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கற்றையைத் துடைத்துப் பார்த்தோம். நெற்றிக் கற்றை 20 நிமிடத்தில் லெவல் 7க்கு (லெவல் என்பது முடி எவ்வளவு வெளிர் என்பதன் அளவு; எண் கூடினால் வெளிர்), மஞ்சள் கலந்த ஆரஞ்சுக்கு வந்தது. உச்சியில் 35 நிமிடம் ஆகியும் சில கற்றைகள் லெவல் 6க்கு மேல் நகரவில்லை. சுழியை ஒட்டிய அந்த முடி மற்றவற்றை விடத் தடிமன். மீண்டும் தடவ வேண்டாம் என்று கழுவிவிட்டோம். செம்பழுப்பாக நின்றால் நிற்கட்டும். வெளுத்த முடியின் மேல் இரண்டாவது தடவை பூசினால் நுனி உடையும். இடது நெற்றிப்பொட்டில் ஒரு மெல்லிய இழை மட்டும் வெளிர் மஞ்சள்வரை போய்விட்டது. பக்கத்தில் நரை இருந்ததால் அதோடு சேர்ந்துகொண்டது.

ஆரஞ்சை நீலம் அடக்கும், மஞ்சளை ஊதா அடக்கும். டெவலப்பர் இல்லாத, முன்பே சோதித்த நேரடி நிறத்தில் நீலம் கலந்த பழுப்பை ஈர முடியில் பூசி அலசினோம். நெற்றிப் பக்கம் அடக்கமான தேன்பழுப்பு. உச்சியில் அதைவிட ஒரு படி அடர்த்தி.

அதன் பின்

கண்ணாடியில் அவர் முதலில் தேடியது நரையைத்தான். அது அங்கேயேதான் இருந்தது, தனியாகத் தெரியவில்லை. பள்ளியில் முடி வெட்டியதைப் பற்றித்தான் பேசினார்களாம், நரையைப் பற்றி எவரும் கேட்கவில்லை. அரிப்பு திரும்ப வரவில்லை.

நேரடி நிறம் மயிரிழையின் வெளிப்புறத்தில் படிந்திருப்பது; நிலைக்காது. நான்காவது வாரத்தில் ஆரஞ்சு மேலே வந்தது. வாரம் ஒருமுறை நீல ஷாம்பூ போட்டுச் சமாளித்தார். குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய் வைக்கலாமா என்று கேட்டார், தாராளமாக. முடிக்குள் ஊடுருவி, அலசும்போது புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கும் எண்ணெய் அது. வெளுத்த நுனிகளுக்கு அவசியம்.

நாங்கள் அவரிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புக்கொள்ள வைத்திருந்த ஒன்று உண்டு. குட்டை முடியில் ஹைலைட்ஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆறு வாரத்தில் ஏறக்குறைய 2 செ.மீ. வளரும், வடிவம் காக்க அதை வெட்டுவோம். தீட்டியது ஐந்தரை செ.மீ.தான். மூன்றாவது வெட்டோடு பெரும்பாலும் போய்விடும். உச்சியில் செம்பழுப்பாக நின்ற கற்றைகளும் அப்படித்தான் தாமாகவே கழிந்தன. இரண்டு வெட்டுக்கு ஒருமுறை நெற்றிக் கற்றையும் உச்சியின் முன்பகுதியும் மட்டும் தீட்டுவது என்று அவரே முடிவு செய்தார். செலவும் குறைந்தது, பிளீச்சும் குறைந்தது.

நடைமுறையில் மாற்றியவை

புதிதாக வருகிறவர்களிடம் "மருதாணி போடுவீர்களா?" என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. பாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்கிறோம், அல்லது அதன் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறோம். தயங்குகிறவர்களுக்கு முடி மாதிரிச் சோதனையைக் கண்ணெதிரே செய்து காட்டுகிறோம். பச்சையான கற்றையைக் கையில் வைத்துப் பார்த்த பிறகு இன்றே வேண்டும் என்று வற்புறுத்தியவர் இதுவரை இல்லை.

குட்டை முடிக்கு வெட்டையும் தீட்டுதலையும் ஒரு வார இடைவெளியில் வைப்பது இப்போது எங்கள் வழக்கம். இரண்டு முறை வர வேண்டும் என்பது சிலருக்குச் சுமை, குறிப்பாகத் தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு. அவர்களுக்காக வெட்டு முடிந்ததும் தலையை நனைத்து, சீப்பைக் கையில் கொடுத்து, அவர்களையே வாரச் சொல்லிப் பார்க்கிறோம். ஒரு வாரம் வீட்டில் இருந்து வரும் பழக்கத்துக்கு அது ஈடாகாது, ஆனாலும் உதவுகிறது.

சுழியை ஒட்டிய தடித்த முடியை இனி முதலில் தனியாகச் சோதித்துவிட்டே திட்டமிடுகிறோம். லெவல் 6 தாண்டாது என்று தெரிந்தால் நெற்றிப் பக்கத்தையும் அதற்கேற்ப அடக்கமாக வைக்கலாம். இந்த ஆசிரியைக்கு இரண்டாவது முறை தீட்டியபோது அப்படியே செய்தோம். அடுத்த வெட்டில் நெற்றிப்பொட்டுகளைத் தீட்டவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அங்கே நரை இப்போது முக்கால் பங்குக்கு வந்துவிட்டது, அதை அப்படியே விடுகிறோம்.